பெரிய வெள்ளியும் ஒரு பால்சுறாவும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் என்னைச் சரியாக அறியாதவர்கள். மூக்கு நுனி வரைக்கும் ஏறி வர என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. அது நாக்கிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. இப்போது வயது போய்விட்டது, கோபமும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஆனால் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை முல்லைத்தீவு மீன் சந்தையில் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் தளரவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் காணி கிடைத்து மூன்றாம் வருடம் அது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் காணி பிரிந்து பிரிந்து, மாடு படுத்தால் வால் அடுத்தவன் வளவுக்குள் கிடக்கும் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதை விட்டுவிட்டு வயல், மேட்டுக்காணி, அரசாங்கம் கட்டித் தந்த இரண்டு அறை வீடு என்று வந்து இறங்கினோம். காட்டோரம் யானை, மரத்தில் குரங்கு, மிச்ச இடத்தில் எல்லாம் நுளம்புக் கடி. என்றாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பங்குனியில் எங்கள் மூத்த பிள்ளை பிறந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க என் மாமி, அதாவது மனைவியின் தாயார், ஒரு மாதத்துக்கு முந்தியே வந்துவிட்டா. மல்லி, மிளகு, சீரகம், உள்ளிப்பூண்டு எல்லாம் கட்டிய பெரிய மூட்டையும், அதைவிடப் பெரிய ஆசார மூட்டையும் அவவோடு வந்திறங்கின. துடக்கு, தீட்டு என்றால் மாமிக்கு உயிர் போகிற காரியம். பிறந்த வீட்டுத் துடக்கு, செத்த வீட்டுத் துடக்கு, எத்தனை நாள், யார் யாருக்கு, எதைத் தொடலாம் எல்லாம் மனப்பாடம். வந்த கிழமையே அடுத்த காணிக்காரர் கொண்டுவந்து தந்த முருங்கைக்காய்க் கட்டை, அவர்களுடைய பெரியம்மா ஒருத்தி கொடிகாமத்தில் செத்து இன்னும் முப்பத்தொரு நாள் ஆகவில்லை என்று கேள்விப்பட்டவுடன், வேலிக்கு அப்பால் வீசினா. அவ்வளவு தூரத்தில் செத்தவவின் துடக்கு, காடு மேடு எல்லாம் தாண்டி முருங்கைக்காயில் ஏறி வந்ததோ என்று கேட்டேன்.  மாமி கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது பாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பசுப்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தோம், பிள்ளைக்கு வயிற்றால் போனது. டின் பால் கரைத்துக் கொடுத்தோம், வாயால் வந்தது. பதினோராம் நாள் பிள்ளையின் தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. அழுகிற சத்தமும் குறைந்துவிட்டது. அழுதால் கோபம் வருகிற எனக்கு, அழாமல் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது.  மனைவி பிள்ளையை மாரோடு அணைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை பின்னேரம் மாமி என்னைக் கூப்பிட்டுச் சொன்னா:

"தம்பி, நாளைக்கு விடிய முல்லைத்தீவுக்குப் போங்கோ. ஒரு பால்சுறா வாங்கிக்கொண்டு வாங்கோ. சின்னதாய், முழங்கை நீளத்தில. மல்லி மிளகுச் சரக்கும் உள்ளியும் போட்டுக் கறி வைச்சு, மிச்சத்தை வறை வறுத்துக் குடுத்தனெண்டால் இவளுக்குப் பால் ஊறும். சைக்கிள்காரன்ர மீன் வேண்டாம்."

வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற சைக்கிள்காரன் ஒருவன் இருந்தான். முல்லைத்தீவிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதித்து வருவான். அவன் எங்கள் திட்டத்துக்கு வந்து சேரும்போது மீனுக்கு வெயில் தலைக்கு ஏறியிருக்கும். சுறா கொண்டுவர மாட்டான், அது கரையிலேயே முடிந்துவிடும்.

நாளைக்குப் போ என்று மாமி சொன்னவுடன் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வியாழக்கிழமை எனக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. மிளகாய்க் கன்று வாடிக்கொண்டு நின்றது. அதோடு என்னிடம் ஒரு பெரிய ஞானமும் இருந்தது.

"மாமி, வெள்ளிக்கிழமை போறன். வெள்ளிக்கிழமை எங்கட சைவச் சனம் மீன் தொடாது. முள்ளியவளை, தண்ணீரூற்று ஆக்கள் ஒருத்தரும் சந்தைப் பக்கம் வராயினம். பிடிச்ச மீன் எல்லாம் அப்பிடியே கிடக்கும். நல்லதாய்ப் பொறுக்கி எடுக்கலாம்."

"வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மீன் சட்டி ஏத்துறதோ?" என்றா மாமி. பிறகு தானே யோசித்து, "சரி, பத்தியத்துக்கு வெள்ளி செவ்வாய் இல்லை. ஆனால் ஒரு நாள் பிந்துதே, தம்பி," என்றா.

"ஒரு நாளில என்ன வரப்போகுது?" என்றேன் நான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள் நான். குசினிச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. அந்த வெள்ளிக்கிழமை அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது. வயல் உழுகிற கமக்காரனுக்குச் சிவப்பு எழுத்து ஏது, கறுப்பு எழுத்து ஏது? பயணத்துக்கு இராகு காலம் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை சைக்கிள்காரன் வரவில்லை. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். அவனையும் இரண்டு வசனம் திட்டிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன்.

முல்லைத்தீவுச் சந்தை எனக்குப் புதிது இல்லை. மாதத்தில் இரண்டு தரம் போவேன். வழக்கமான நாளில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். தகரக் கூரை, கீழே சீமெந்து மேடை, மேடை எல்லாம் கடல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். பெண்கள் வரிசையாக இருந்து மீனைக் கூறு கூறாகக் குவித்து வைத்திருப்பார்கள். தராசு என்று ஒன்றும் கிடையாது, கண்தான் தராசு. ஒரு கூறைப் பார்த்துக்கொண்டு நின்றால், "என்ன பாக்கிறியள், அது உங்களைப் பாக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். மேலே நல்ல மீன் இரண்டை வைத்து அடியில் நேற்றையதைச் செருகுகிறவர்களும் உண்டு. நான் கையை விட்டு அடியைக் கிளறுகிறவன். அதனால் என்னை ஒருத்திக்கும் பிடிக்காது, ஒருத்தியைத் தவிர.

அவ ஐம்பது வயது மட்டில் ஒரு கத்தோலிக்கப் பெண். மேடையின் கிழக்கு மூலையில் இருப்பா. முதல் நாளே எங்களுக்குள் சண்டை. நான் செவிளைத் தூக்கிப் பார்த்து, "இது முந்தநாள் செத்த மீன்," என்றேன். "இல்லைத் தம்பி, உங்களைக் கண்டுதான் இப்ப செத்தது," என்றா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூறை அப்படியே வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் நல்ல புது மீன். அதற்குப் பிறகு வேறு யாரிடமும் வாங்கியதில்லை. அவ என்னை "தோட்டக்காரர்" என்பா. போகும்போது ஒரு கை மீன் மேலதிகமாகப் போட்டுவிட்டு, என் மிளகாய்த் தோட்டத்தைச் சாட்டி, "கொச்சிக்காய்க்காரருக்கு வாய்தான் காரம்," என்பா.

அந்த வருடம் தை, மாசியில் அவவுக்குப் பக்கத்தில் மகள் இருந்தா. இருபது வயது இருக்கும், வயிற்றில் பிள்ளை. குனிந்து மீன் எடுக்க முடியாமல் காலை நீட்டியபடி இருப்பா. என் மனைவியும் அப்படித்தான் இருக்கிறாள் என்று ஒரு நாள் சொன்னேன். தாய்க்காரி சிரித்தா. "அப்ப பாப்பம், தோட்டக்காரர் முந்துறாரோ, கடற்காரர் முந்துறாரோ எண்டு," என்றா. மகள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டா.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஆளே இல்லை. பார்த்தாயா என் கணக்கு என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். முள்ளியவளை, தண்ணீரூற்றுத் தாண்டியும் யாரும் மீன் வாங்கப் பனையோலைப் பறியோடு ஏறவில்லை. இன்னும் மெச்சிக்கொண்டேன். முல்லைத்தீவில் இறங்கினால் கடைகள் பூட்டிக் கிடந்தன.  சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சந்தையில் ஈ காக்காய் இல்லை. மேடை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஒரு நாய் படுத்திருந்தது, அதுவும் என்னைப் பார்த்து எழும்பவில்லை. சந்தைக்குப் பின்னால் தெரிந்த கரையில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. ஒரு வலைகூட நனைந்து கிடக்கவில்லை.

கிழக்கு மூலையில், தான் வழக்கமாக இருக்கிற இடத்தில், அந்தப் பெண் இருந்தா. கறுப்புச் சேலை. முன்னால் மீன் இல்லை, பெட்டி இல்லை. கையில் செபமாலை மட்டும். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"எணை, மீன் எங்கை?" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

திரும்பிப் பார்த்தா. என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"தம்பி, இண்டைக்குப் பெரிய வெள்ளியெல்லோ. ஒருத்தரும் கடல்ல இறங்கமாட்டினம். நேற்று விடியக்காலைச் சந்தையோட வலையெல்லாம் ஏத்தியாச்சு. இனித் திங்கக்கிழமைதான்."

"ஒரு சுறா வேணும். ஒரு சின்னச் சுறா. ஒருத்தரிட்டையும் இல்லையோ?"

"இல்லைத் தம்பி. இருந்தாலும் விக்கமாட்டினம். இண்டைக்கு ஆண்டவர் செத்த நாள்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை. வியாழக்கிழமை வராமல் விட்டது நான். நாட்காட்டியில் சிவப்பு எழுத்தைக் கண்டும் பொருட்படுத்தாதது நான். அந்தப் பிழை எல்லாம் தொண்டையில் ஏறி, தன் மேல் திரும்பப் பயந்து, எதிரில் இருந்தவ மேல் பாய்ந்தது.

"உங்கட சாமி செத்ததுக்கு என்ர பிள்ளையும் சாகவேணுமோ?"

இதுதான் நான் சொன்ன வார்த்தை.

 அவ கண்ணை மூடினா. செபமாலை பிடித்த கை மடியில் கிடந்தது. திரும்பி ஏசுவா என்று நான் நின்றேன். அவவுக்கு ஏசத் தெரியும், அதில் எனக்குச் சளைத்தவ இல்லை. ஏசியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணைத் திறந்து, "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டா.

சொன்னேன். காய்ச்சல், பால் வற்றியது, பசுப்பால், டின் பால், தொடைத் தோல் எல்லாம் சொன்னேன்.  கடைசியில் மாமி சொன்ன பால்சுறாவைச் சொல்லும்போது சந்தையில் நிற்கிறேன் என்பதே மறந்து மேடையில் குந்திவிட்டேன்.

அவ எழும்பினா. "வாங்கோ," என்றா.

சந்தையிலிருந்து கரையோரமாகக் கொஞ்சத் தூரம். வழியில் ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை, அடுப்புப் புகை இல்லை. எதிரில் வந்தவர்கள் எல்லாம் கறுப்பு அல்லது வெள்ளை உடுத்திருந்தார்கள். அவவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்கள். கோயிலில் மணி அடிக்கவில்லை, மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. ஊர் முழுக்க ஒரே செத்த வீடாக இருந்தது. பெரிய வெள்ளி என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தென்னங்கிடுகு வேலி போட்ட சின்ன வளவு. பூவரச மரத்துக்குக் கீழே ஒரு இளம் ஆள் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தான். மருமகன் என்று விளங்கியது. நான் வந்ததற்கு அவன் தலை நிமிரவில்லை. உபவாசக் களைப்பு என்று நினைத்தேன். அவ என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனா. கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது தெரிந்தது. கூரை வளையில் பிள்ளையைப் போடும் ஏணையின் கயிறு தொங்கியது, சேலைத்துணி அதில் இல்லை. பிள்ளை தாயின் மறுபக்கத்தில் கிடக்கிறது என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் மல்லிகைப் பூ வாசம் வந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மீன் விற்றால் பாவம், பூ வைத்தால் பாவம் இல்லையோ என்று மனதுக்குள் கேட்டேன். நல்ல வேளை, அன்றைக்கு ஒரு தரமாவது மனதுக்குள் கேட்டேன்.

அவ பூவரசம் இலையில் சுற்றி ஒரு பொதி கொண்டுவந்தா. விரித்துக் காட்டினா. முழங்கை நீளத்தில் ஒரு பால்சுறா. குடல் எடுத்து, மெல்லியதாக உப்புத் தடவியிருந்தது.

"புதன்கிழமை பின்னேரம் மருமோன் கொண்டந்தவன், இவளுக்கெண்டு. உப்புப் போட்டு வைச்சது. மணம் மாறேல்ல, பாருங்கோ."

"அப்ப உங்கட மோளுக்கு?"

"அவளுக்கு வேண்டாம்."

"பால் போதுமோ?"

"நிறையக் கிடக்கு, தம்பி."

எனக்குச் சந்தோசத்தோடு ஒரு பொறாமையும் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளை, ஒன்றுக்குப் பால் நிறைய, மற்றதுக்கு ஒரு சொட்டு இல்லை, இது என்ன நியாயம் என்று இருந்தது. மடியிலிருந்து காசை எடுத்தேன். அவ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டா.

"இண்டைக்கு நாங்கள் காசு தொடமாட்டம். காசுக்கெல்லோ அவரைக் காட்டிக் குடுத்தவங்கள். கொண்டுபோங்கோ. விக்கேல்ல, சும்மா தாறன்."

உள்ளேயிருந்து மகள் மெதுவாக எதையோ கேட்டா. தாய் வாசலில் நின்றபடியே என்னிடம் திரும்பி, "பிள்ளைக்கு எத்தினை நாள்?" என்றா. பதின்மூன்று என்றேன். "பதின்மூண்டாம், பிள்ளை," என்று உள்ளே சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, "உள்ளியைக் கூடப் போடச் சொல்லுங்கோ. போங்கோ, பஸ் போயிடும்," என்றா.

நன்றி சொன்னேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். மாமி பொதியைப் பிரித்து, முகர்ந்து, விரலால் அமத்திப் பார்த்து, "நல்லது," என்றா. என் காதுக்கு அது பெரிய பட்டம். சுறாவின் தோல் மண் தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். கொதிநீர் ஊற்றி, கத்தியின் முதுகால் சுரண்டினால்தான் அது கழன்று வரும். மாமி கிணற்றடியில் இருந்து சுரண்டத் தொடங்கினா. நான் பக்கத்தில் குந்தியிருந்து என் வீரப் பிரதாபத்தை அளந்தேன். பூட்டிக் கிடந்த கடை, காய்ந்த மேடை, மரக்கட்டைச் சத்தம், காசு தொடாத கை எல்லாம் சொன்னேன். என் வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அப்போதே அது எனக்குள் குத்தத் தொடங்கியிருந்தது.

"ஆனால் மாமி, இவையின்ர நோன்பைப் பாருங்கோ. மீன் விக்கக்கூடாதாம். பிள்ளை பெத்த பெட்டை வீடு நிறைய மல்லிகைப்பூ வாசத்தோட படுத்திருக்கிறா. வாசல் வரைக்கும் மணக்குது."

சுரண்டுகிற சத்தம் நின்றது.

"பூ எங்கை இருந்தது? தலையிலயோ?" என்று கேட்டா மாமி.

"தலையில காணேல்ல. வாசம்தான் வந்தது."

"பிள்ளையைக் கண்டனீங்களோ?"

"இல்லை."

"பிள்ளை அழுத சத்தம் கேட்டுதோ?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு நேரத்தில் அந்த வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தமும் கேட்கவில்லை. ஏணைக் கயிற்றைச் சொன்னேன். மரத்தடியில் இருந்தவனைச் சொன்னேன். தலையைக் குனிந்து ஒதுங்கிப் போனவர்களைச் சொன்னேன்.

மாமி கத்தியைக் கீழே வைத்தா.

"மல்லிகைப்பூவை மாரில வைச்சுக் கட்டினால் பால் வத்தும், தம்பி. பிள்ளை இருக்கிறவள் கட்டமாட்டாள்."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அந்தத் தாய்க்காரி நிறையக் கிடக்கு, தம்பி என்றாவே. உண்மைதானே, பால் நிறையக் கிடந்தது, குடிக்கத்தான் ஆள் இல்லை. ஊர் முழுக்கக் கறுப்புக் கட்டியிருந்த நாளில் அவ கட்டிய கறுப்பு வேறு கறுப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் நியாயம் தேடினேன். அதற்குள் என் வார்த்தை திரும்பி வந்துவிட்டது. என்ர பிள்ளையும் சாகவேணுமோ என்று நான் கேட்டது யாரிடம்? அதற்கு அவ திருப்பிக் கேட்டது, பிள்ளைக்கு என்ன என்று. 

மாமியிடம் அந்த வார்த்தையையும் சொன்னேன். அவ என்னை ஏசவில்லை. சுறாவைப் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. செத்த வீட்டிலிருந்து வந்த மீன் இது. அதுவும் பிள்ளை செத்த வீடு. செத்த பிள்ளையின் தாய்க்கென்று வைத்திருந்த மீன். கொடிகாமத்துத் துடக்குக்கு முருங்கைக்காயை வீசின மாமி இதை என்ன செய்வா? உள்ளே என் பிள்ளை அழாமல் கிடந்தது. திங்கட்கிழமை வரைக்கும் வேறு மீன் இல்லை. மாமி வீசினால் வீசினதுதான், மறித்துப் பேச எனக்கு அன்றைக்கு வாய் இல்லை.

 மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு மிச்சக் கொதிநீரைச் சுறாவின் மேல் ஊற்றிக் கத்தியை எடுத்தா.

"பத்தியத்துக்குத் துடக்கும் இல்லை," என்றா. "நீங்கள் தோய்ஞ்சு போட்டு வாங்கோ. இவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பச்சை உடம்புக்காரி, கேட்டால் ஒரு வாய் இறங்காது."

நான் குளிக்கவில்லை. மிளகாய்த் தோட்டத்துக்குள் போய் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். முந்தின நாள் நான் பாய்ச்சின தண்ணீர் கன்றுக்குக் கன்று ஈரமாக நின்றது. அந்தத் தண்ணீருக்காக ஒரு நாளில என்ன வரப்போகுது என்று கேட்டவன் நான்தான். அந்த ஒரு நாளில், வியாழன் விடிய, அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சன்னி கண்டது. பின்னேரம் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு சைக்கிள்காரன் சொல்லித் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தாய்க்காரி வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் சந்தைக்கு வந்து தன் இடத்தில் இருந்திருக்கிறா.

மனைவி மூன்று நாள் சுறா சாப்பிட்டாள். கறி, வறை, கடைசி நாள் தண்ணீர்ச் சொதி. உள்ளி நிறையப் போட்டிருக்கிறா அம்மா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள். சுறா செய்ததோ, உள்ளி செய்ததோ, காய்ச்சல் விட்ட உடம்பு தானாகத் தேறியதோ எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரம் பிள்ளை மாரில் வாய் வைத்து, இரண்டு மூன்று தரம் உறிஞ்சிப் பார்த்து, பிறகு விடாமல் விழுங்குகிற சத்தம் கேட்டது. மனைவி சத்தம் போட்டு அழுதாள். மாமி என்னைப் பார்த்தா. நான் வெளியே போனேன்.

எங்கள் பிள்ளைத் துடக்கு முப்பத்தொரு நாளும் கழிந்தவுடன் முல்லைத்தீவுக்குப் போகப் புறப்பட்டேன். ஒரு மூட்டை அரிசி கட்டினேன், செத்தல் மிளகாய் ஒரு பை கட்டினேன். மாமி இரண்டையும் அவிழ்த்து வைத்தா.

"விலை குடுக்கப் போன மாதிரி இருக்கும். வெறுங்கையோட போங்கோ. போய் மீன் வாங்குங்கோ. அதுதான் மரியாதை."

அன்றைக்குச் சந்தை நிறைந்து வழிந்தது. மேடை எல்லாம் ஈரம், எல்லாப் பக்கமும் சத்தம். கிழக்கு மூலையில் அவ இருந்தா. பக்கத்தில் மகள், வற்றிய முகத்தோடு, சூடை மீனைக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தா. வழி எல்லாம் நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வசனம் ஒன்று இருந்தது. என்னை மன்னிக்க வேணும், அண்டைக்கு நான் தெரியாமல் என்று தொடங்கும். அவர்களுக்கு முன்னால் போய் நின்றவுடன் அதில் ஒரு சொல்கூட வரவில்லை.

"ஒரு கூறு தாங்கோ," என்றேன்.

கூறுக்குள் கையை விட்டுக் கிளறவில்லை. செவிளைத் தூக்கிப் பார்க்கவில்லை. தாய்க்காரி என் முகத்தைப் பார்த்தா. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. மீனை அள்ளி என் பறிக்குள் போட்டா. மகள்தான் தலையை நிமிர்த்தினா.

"பால் வந்துதோ?" என்று கேட்டா.

"வந்துது," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வந்துது."

"குடிக்கிதோ?"

"குடிக்கிது. நல்லாய்க் குடிக்கிது."

அவ தலையை ஆட்டினா. ஒரு மீனை எடுத்து இந்தக் கூறில் வைத்து, பிறகு அதையே எடுத்து மற்றக் கூறில் வைத்தா.

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை."

"என்ரயும் பொம்பிளைப் பிள்ளைதான்," என்றா. பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, அவருக்கு என்ன மீன் வேண்டும் என்று கேட்டா.